காதல் ரியாலிட்டி ஷோவை ரசித்துக்கொண்டே கேள்வி கேட்பது எப்படி: கடற்கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் கடைசிப் படியில் வரும்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் அயித்தை வீட்டில் ஐந்தாறு பெண்கள் கூடிவிடுவோம். அயித்தையின் போனை ஒரு சில்வர் செம்பில் சாய்த்து வைப்போம். அவர் போன்தான், ஆனால் அவர் கைரேகைக்கு அது திறக்காது. வருடக்கணக்காகக் கடலுக்குள் மூழ்கிப் பாறையில் பாசி பிடுங்கிய விரல்கள். துணி சுற்றிக்கொண்டு போனாலும் நுனியெல்லாம் தேய்ந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கீறி இருக்கும். அதனால் மகள் ஒன்பது புள்ளியில் கோடு இழுத்துத் திறக்கிற மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறாள். அயித்தை கோலம் போடுகிற மாதிரி அதை இழுப்பார். அப்புறம் ஷோ ஆரம்பிக்கும்.

நாங்கள் பார்ப்பது காதல் ரியாலிட்டி ஷோக்கள். பஸ் ஸ்டாப்பில் ஒரு பையனோடு இரண்டு நிமிடம் பேசினால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் ஊர் இது. சங்கப் பாட்டில் இதற்கு அலர் என்று பெயர். நெய்தல் பாட்டுகளில் கடல் இரைச்சலுக்குச் சமமாக அலர் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் கல்யாணமானவர், ஆகாதவர், விதவை என்று எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ‘எனக்கு இவனைப் பிடிக்கல, அவன் பேச்சு பிடிச்சிருக்கு’ என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு சாக்கு கிடைக்கிறது. அது எனக்குப் பெரிய விஷயம். பெண்ணிய விமர்சனம் என்ற பெயரில் அந்தப் பேச்சை அணைத்துவிடக் கூடாது. அந்தப் பேச்சு இன்னும் ஆழமாகப் போவதற்குத்தான் விமர்சனம் வேண்டும்.

நான் பெண்களை நேசிக்கும் பெண். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்கு அது தெரியும். ஆண் என்றால் பெண்ணைத்தான், பெண் என்றால் ஆணைத்தான் என்ற கணக்குக்கு வெளியே இருக்கிறவர்களைத் தமிழில் இப்போது பால்புதுமையர் என்கிறோம். நான் கீழே சொல்லும் பார்வை அங்கிருந்து வருவது.

முதல் படி: எதைப் பார்ப்பது, யாரோடு பார்ப்பது

எல்லா ஷோவும் ஒன்றல்ல. ஒருவரைச் சுற்றிப் பலர் போட்டியிடுவது ஒரு வகை. 2002இல் அமெரிக்காவில் 25 பெண்களோடு தொடங்கிய ‘தி பேச்சிலர்’ இதற்கு முன்மாதிரி. ஒரு வீட்டில் எல்லாரையும் அடைத்து ஜோடி மாற்றிக்கொண்டே இருப்பது இன்னொன்று, ‘லவ் ஐலண்ட்’ போல. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து, முகம் பார்க்காமல் பேசியே கல்யாணம் நிச்சயிப்பது 2020இல் வந்த ‘லவ் இஸ் பிளைண்ட்’. தரகர் வீடு வீடாகப் போவது அதே வருடம் வந்த ‘இண்டியன் மேட்ச்மேக்கிங்’. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கடைசி இரண்டில் ஒன்று. நமக்குப் பழக்கமான விஷயம் அவற்றில் அதிகம்.

தனியாகப் பார்க்காதீர்கள். இரண்டு பேராவது வேண்டும். ஆங்கில ஷோ என்றால் ஒருவர் சப்டைட்டிலை நம் பேச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டே வரட்டும். எங்கள் கூட்டத்தில் அது என் வேலை. ‘கமிட்மென்ட்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறும்போதெல்லாம் ஒரு விவாதம் கிளம்பும். ‘கட்டுப்பாடா, வாக்குக் குடுக்குறதா, இல்ல மாட்டிக்கிறதா?’ என்று மதினி ஒருமுறை கேட்டார். அரை மணி நேரம் ஷோ நின்றது. இப்படி நிற்கும் இடங்களுக்காகத்தான் கூட்டம் வேண்டும் என்கிறேன்.

இரண்டாம் படி: முதல் தடவை ரசிக்க மட்டும் செய்யுங்கள்

முதல் எபிசோடில் விமர்சனம் வேண்டாம். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: எந்த இடத்தில் நெஞ்சு படபடத்தது? ஒவ்வொருவரும் ஒரு இடம் சொல்ல வேண்டும். அதைக் குறித்து வையுங்கள். பின்னால் எடுத்துப் பார்த்தால், ஷோ நம்மை எங்கே பிடிக்கிறது, நம் சொந்த ஆசை எங்கே எட்டிப் பார்க்கிறது என்று தெரியும். இரண்டும் பல நேரம் ஒரே இடத்தில் இருக்காது.

எனக்குப் பதினாறு வயதில் டிவியில் இப்படி ஒரு ஷோ பார்த்தபோது, நாயகன் ஆளைத் தேர்ந்தெடுக்கும் காட்சி எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. ராத்திரி அந்தப் பெண்கள் ஒரே அறையில் படுத்துக்கொண்டு ஒருத்தி முடியை இன்னொருத்தி கோதிவிடும் காட்சிக்காகக் காத்திருந்தேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. குறித்து வைத்திருந்தால் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

மூன்றாம் படி: ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடுங்கள்

இரண்டாம் தடவை பார்க்கும்போது, அறுந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு கண் கண்ணாகப் பார்க்கிற மாதிரி பாருங்கள். எங்கே வெட்டி எங்கே முடிந்திருக்கிறார்கள் என்பதுதான் தேட வேண்டியது.

முதலில் குரல். ஒருவர் பேசும்போது கேமரா அவர் வாயை விட்டு வேறு எங்காவது, கேட்கிறவரின் முகத்துக்கோ ஜன்னலுக்கோ போனால், அங்கே இரண்டு வெவ்வேறு பேச்சை ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. ஆங்கிலத்தில் இந்த ஒட்டுவேலைக்கு ‘ஃபிராங்கன்பைட்’ என்றே ஒரு பெயர் இருக்கிறது. அடுத்தது முகபாவம். யாரோ ஒருவர் கண்ணை உருட்டுகிறார் என்றால், அது அந்தப் பேச்சுக்குத்தான் உருட்டினாரா, ஒரு மணி நேரம் முன்னால் கொசு கடித்ததற்கா? சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஒரு காட்சியைப் பாருங்கள். பின்னணி இசை போய்விட்டால் பாதி வில்லிகள் காணாமல் போவார்கள்.

அப்புறம் கோப்பை. ‘லவ் இஸ் பிளைண்டில்’ எல்லார் கையிலும் தங்க நிறக் கோப்பை இருக்கும். உள்ளே என்ன, எவ்வளவு என்று வெளியே தெரியாது. கண்ணாடி டம்ளராக இருந்தால் மதுவின் மட்டம் ஏறி இறங்குவதை வைத்தே எந்தப் பேச்சு முன்னால், எது பின்னால் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இது உழைப்பு பற்றிய கேள்வியும்கூட. அந்த ஷோவில் கலந்துகொண்ட ஒருவர் 2022இல் வழக்குப் போட்டார். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் வரை படப்பிடிப்பு, சாப்பாடும் தண்ணீரும் சரியாக இல்லை, மதுவுக்கு மட்டும் குறைவில்லை, கொடுத்த பணம் குறைந்தபட்சக் கூலிக்குக்கூட வராது என்பது அவர் குற்றச்சாட்டு. தயாரிப்புத் தரப்பு மறுத்தது. 2024இல் 14 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. இதை நான் சொன்னபோது அயித்தை உடனே பிடித்துக்கொண்டார். பாசி எடுக்கிற பெண்ணும் மீனவர்தான் என்று கணக்கில் எடுக்கவைக்க இந்தக் கரையில் எவ்வளவு காலம் கேட்க வேண்டியிருந்தது என்று அவருக்குத் தெரியும். ‘காதலிக்கத்தானே வந்தீங்க, உங்களுக்கு எதுக்குக் கூலின்னு கேட்டிருப்பாங்க’ என்றார். சமையல், பிள்ளை வளர்ப்பு, மாமியாருக்குப் பணிவிடை என்று அன்பின் பெயரில் கணக்கில் வராமல் போகும் வேலைகளின் வரிசையில், கேமரா முன்னால் அழுவதும் ஒரு வேலை.

நான்காம் படி: சோழி வைத்து எண்ணுங்கள்

இது எங்கள் கூட்டத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. இரண்டு கிண்ணம், ஒரு பிடி சோழி. ஒரு பெண் மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம் இடது கிண்ணத்தில் ஒன்று. ஆண் கேட்டால் வலது கிண்ணத்தில். அடுத்த நாள் எண்ண வேண்டியதை மாற்றுங்கள்: ‘உனக்கு என்ன வேணும்’ என்று யார் யாரைக் கேட்கிறார்கள்? யார் குறுக்கே பேசுகிறார்கள்? யாருடைய உடம்பைக் கேமரா காலிலிருந்து மேலே ஏறிப் பார்க்கிறது? மன்னிப்பை எண்ணிய முதல் நாள் இடது கிண்ணம் நிரம்பிவிட்டது, வலதில் ரெண்டே ரெண்டு கிடந்தது. நாங்கள் யாருமே அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை. கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் மறுநாள் தன் வீட்டில் எண்ணிப் பார்த்ததாகச் சொன்னாள். என்ன வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

எண்ணிக்கையிலிருந்து விதிக்குப் போங்கள். 2018இல் கலர்ஸ் தமிழில் வந்த ‘எங்க வீட்டு மாப்பிள்ளை’யை எங்கள் பக்கம் நிறையப் பேர் பார்த்தார்கள். நடிகர் ஆர்யாவுக்குப் பெண் தேடும் நிகழ்ச்சி, 16 பெண்கள். கடைசியில் மூன்று பேர் நின்றார்கள். அவர் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஊரில் அன்றைக்கு அந்த மூன்று பெண்களைப் பற்றித்தான் பேச்சு. ‘இனி அதுகளை யார் கட்டுவா?’ என்று கேட்ட குரல்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இருந்த உரிமையில் எனக்குக் குறை இல்லை, யாருக்கும் அந்த உரிமை வேண்டும். என் கேள்வி நிகழ்ச்சியின் அமைப்பைப் பற்றியது. பதினாறு பேர் ஏன் ஒருவருக்கு முன்னால் நிற்க வேண்டும்? அவர் விலகினால் அது அவர் முடிவு, அவர்கள் விலகினால் அது ‘எலிமினேஷன்’. இந்தக் கணக்கை யார் போட்டது?

நம்மூர்ப் பெண் பார்க்கும் சடங்கை நினைத்துக்கொண்டால் இது உடனே புரியும். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு ‘ஊருக்குப் போயி தகவல் சொல்றோம்’ என்று எழுந்து போவார்கள். தகவல் வரும்வரை பெண் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெண்ணைக் கேட்க யாருக்கும் தோன்றாது. டிவி செய்தது அந்தக் காத்திருப்பை வாரக்கணக்கில் நீட்டி, விளம்பரம் போட்டதுதான்.

தரகர் ஷோவில் இன்னொன்றைக் கவனியுங்கள். ‘இண்டியன் மேட்ச்மேக்கிங்’கில் உயரம், நிறம், உடல்வாகு எல்லாம் பயோடேட்டாவில் பட்டியலாக வரும். சாதி என்ற சொல் மட்டும் பெரும்பாலும் வராது. ‘கம்யூனிட்டி’, ‘நல்ல குடும்பம்’, ‘நம்ம மாதிரி ஆளுங்க’ என்று வரும். ராமநாதபுரம் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொற்களை மொழிபெயர்க்கத் தேவையில்லை. சாதி மாறிக் காதலித்தால் என்ன நடக்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு காதல் ஷோ சாதியைப் பற்றிப் பேசவே இல்லை என்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்க முடியும்: ஒன்று, ஆள் எடுக்கும்போதே சல்லடை போட்டுவிட்டார்கள். இல்லையென்றால் பேசியதை வெட்டிவிட்டார்கள். பெண்ணியப் பார்வை இந்த இடத்தைத் தாண்டிப் போனால் அது பாதிப் பார்வைதான்.

ஐந்தாம் படி: திரையின் ஓரத்தைப் பாருங்கள்

வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த படி இது. நடுவில் ஜோடி நிற்கும். நீங்கள் ஓரத்தைப் பாருங்கள்.

‘லவ் இஸ் பிளைண்டின்’ அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் சுவர். ஒரு பக்கம் எல்லாரும் ஆண்கள், மறு பக்கம் எல்லாரும் பெண்கள். காதல் என்பது சுவரைத் தாண்டித்தான் போகும், சுவருக்கு இந்தப் பக்கமே இருப்பவர்களுக்குள் அது வரவே வராது என்று கட்டடமே சொல்லிவிடுகிறது. யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் கவிஞர் ஏட்ரியன் ரிச் 1980இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆண்-பெண் ஈர்ப்பு இயற்கையாக நடப்பது போலத் தோன்றினாலும் அது பெண்கள் மேல் கட்டாயமாகத் திணிக்கப்படும் ஓர் ஏற்பாடு என்று வாதிட்டார். அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டாம், அந்தச் சுவரைப் பார்த்தாலே போதும்.

ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது? பெண்கள் ஒருவருக்கொருவர் சமைத்துக் கொடுக்கிறார்கள். ஒருத்தி அழுதால் இன்னொருத்தி தரையில் உட்கார்ந்து மடியில் சாய்த்துக்கொள்கிறாள். யாருக்கு எது பிடிக்கும் என்று நினைவு வைத்திருக்கிறார்கள். சுவரைத் தாண்டிய காதலில் வார்த்தையாக இருக்கும் அன்பு, இந்தப் பக்கம் செயலாக இருக்கிறது. அகப்பாட்டில் தோழி செய்யும் வேலை அத்தனையும் இங்கே நடக்கிறது. தலைவியின் மெலிவை முதலில் கண்டுபிடிப்பது தோழிதான். அந்தத் தோழிக்கு என்ன வேண்டும் என்று பாட்டும் கேட்பதில்லை, ஷோவும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

சில நேரம் ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வந்துவிடும். 2018இல் வியட்நாமின் ‘பேச்சிலர்’ நிகழ்ச்சியில், அடுத்த சுற்றுக்குப் போகிறவர்களுக்கு நாயகன் ரோஜா கொடுக்கும் சடங்கின் நடுவே போட்டியிலிருந்த ஒரு பெண், தான் காதலிப்பது அவரை அல்ல, கூடப் போட்டியிடும் இன்னொரு பெண்ணை என்று சொல்லி, ‘என்னோடு வீட்டுக்கு வா’ என்று அழைத்தார். அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எண்ணவில்லை. பல பெண்களை ஒரே வீட்டில் வாரக்கணக்கில் வைத்துவிட்டு, அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே மாட்டார்கள் என்று நம்பியதுதான் அந்த ஷோவின் கண்மூடித்தனம்.

பால்புதுமையருக்கென்றே எடுத்த ஷோக்களும் உண்டு. அவற்றுக்கும் இதே கேள்விகளை வையுங்கள், நம்மவர்கள் என்று விட்டுவிடாதீர்கள். ‘ஆர் யூ தி ஒன்’ என்பது, ஷோக்காரர்கள் ரகசியமாகப் பொருத்தி வைத்த ஜோடி யார் என்று பங்கேற்பவர்கள் கண்டுபிடிக்கிற விளையாட்டு. 2019இல் அதன் எட்டாவது சீசனில் யாரும் யாரோடும் ஜோடி சேரலாம் என்று ஆள் எடுத்தார்கள். ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரிக்க முடியாமல் போனதும் விளையாட்டின் கணக்கே மாறியது. 2023இல் வந்த ‘தி அல்டிமேட்டம்: குயர் லவ்’ வேறு மாதிரி. ஜோடியில் ஒருவருக்குக் கல்யாணம் வேண்டும், இன்னொருவர் தயங்குகிறார். முடிவு செய் அல்லது பிரி என்பது விதி. காதல் என்றால் கல்யாணத்தில்தான் முடிய வேண்டும் என்ற பழைய சட்டை அப்படியே இருக்கிறது, போட்டிருப்பவர்கள்தான் வேறு. அதை நான் அழுதுகொண்டே பார்த்தேன், அதுவும் உண்மை. நம் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று ஒருபால் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. ‘கல்யாணம் பண்ணு, இல்லாட்டி போ’ என்ற மிரட்டல்கூட இங்கே இருக்கிற இரண்டு பெண்களுக்குக் கிடைக்காத வசதி. அந்த நிலைமையில் இருந்துகொண்டு கல்யாணத்தை விமர்சிப்பதும், கல்யாணத்துக்கு ஏங்குவதும் ஒரே மனதில் நடக்கும். இரண்டில் எதையும் மறைக்க வேண்டாம்.

எனக்கு நிம்மதி தந்தது 2024இல் வந்த ஜப்பானிய ‘தி பாய்ஃப்ரெண்ட்’. கடலோர வீடு, சில ஆண்கள், ஒரு காபி வண்டி. தினமும் யாராவது இரண்டு பேர் அந்த வண்டியில் வேலைக்குப் போக வேண்டும். சமையல் செலவுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள், ஒருவர் தட்டில் என்ன இருக்கிறது என்று இன்னொருவர் கவலைப்படுகிறார். அயித்தைக்கும் மதினிக்கும் பாடம் எடுக்காமலே அது போய்ச் சேர்ந்தது. ‘நல்ல பசங்களா இருக்காங்க’ என்பதுதான் முதல் நாள் வந்த ஒரே விமர்சனம்.

இன்னும் யார் இல்லை என்றும் பாருங்கள். திருநங்கைகள், திருநம்பிகள் இந்த ஷோக்களில் மிக அரிது. ஆனால் நிஜத்தில், தூத்துக்குடியில் கோயிலில் மணந்துகொண்ட ஓர் ஆணும் திருநங்கையும் பதிவுக்காக நீதிமன்றம் போய், 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. எங்கள் கரையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் நடந்த காதல் அது.

ஆறாம் படி: பெயரை விடுங்கள், விதியைப் பிடியுங்கள்

அகத்திணையில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. பெயர் சொன்னால் அது அகம் ஆகாது. இந்த ஷோக்கள் செய்வது நேர் எதிர்: பெயர், முகம், ஊர், அழுகை எல்லாவற்றையும் வெளியே வைத்து, பார்க்கிறவர்களிடம் கல்லைக் கொடுக்கின்றன. ‘லவ் ஐலண்டில்’ கலந்துகொண்ட இருவர் 2018இலும் 2019இலும் தற்கொலை செய்துகொண்டார்கள். அதன் பிறகு பிரிட்டன் நாடாளுமன்றக் குழு ரியாலிட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி விசாரித்தது.

அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். விமர்சிக்கும்போது பங்கேற்றவரின் பெயரைச் சொல்லக் கூடாது, ‘அந்தப் புள்ள’ என்றோ ‘அந்தத் தம்பி’ என்றோதான் சொல்ல வேண்டும். அவருடைய சமூக வலைத்தளப் பக்கத்தில் போய் எதுவும் எழுதக் கூடாது. கோபம் வந்தால், இப்படி ஒரு நிலைமையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்திய விதி எது என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பழகக் கொஞ்ச நாள் ஆகும். பிறகு தெருப்பேச்சிலும் இது வரும்.

அதே கட்டுப்பாடு அறைக்குள் இருப்பவர்களுக்கும். ‘அப்போ உனக்கு யாரை?’ என்று யாரையும் கேட்காதீர்கள். சொல்கிறவர் அவராகச் சொல்லட்டும். சொன்னால் அந்தச் செம்பைத் தாண்டி வெளியே போகக் கூடாது.

போன் விஷயத்தில் கவனம் வேண்டும். பல வீடுகளில் ஒரே போன், ஒரே கணக்கு. நெட்பிளிக்ஸில் உங்களுக்கென்று தனி ப்ரொஃபைல் போட்டு பின் எண் வையுங்கள். முடியாவிட்டால், பார்த்த பட்டியலில் போய் அந்த ஷோவை மறைத்துவிடுங்கள், ‘தொடர்ந்து பார்க்க’ வரிசையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அண்ணன் கையில் போன் போகும்போது அது முதலில் நிற்கக் கூடாது. வீட்டில் பிரச்சினை ஆகிவிட்டால் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவரையொருவர் காதலித்து, மதுரையிலிருந்து வீட்டை விட்டுச் சென்னைக்குப் போன இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில்தான் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம், இப்படிப்பட்ட ஜோடிகள் மேல் காணவில்லை என்று புகார் வந்தால், வயது வந்தவர்கள், விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்த பிறகு போலீஸ் துன்புறுத்தாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் பக்கத்துப் பெண்கள் வாங்கித் தந்த உத்தரவு அது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். கையில் காசு இருக்காது, பொழுது இருக்கும். போன தடைக்காலம் முடிவதற்கு முந்தின ராத்திரி ஒரு சீசனின் கடைசி எபிசோடைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வழக்கமான ஆண்-பெண் ஷோதான். நான் சப்டைட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணக் காட்சி வரப் போகிறது. அதற்கு முன்னால் மணப்பெண்ணுக்கு அவள் தோழி முதுகில் பொத்தான் போட்டுவிடுகிறாள். போட்டு முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

‘கொஞ்சம் பின்னாடி தள்ளு’ என்றார் அயித்தை.

தள்ளினேன்.

‘இன்னொரு தடவை.’

மூன்றாம் தடவை முடிந்ததும் தேய்ந்த விரலால் திரையைத் தட்டி அவரே நிறுத்தினார். ‘இவ எதுக்கு அந்தப் பயல கட்டுறா?’ என்று கேட்டார். மதினி என் முகத்தைப் பார்த்தார். கல்யாணக் காட்சியை அன்றைக்கு நாங்கள் பார்க்கவே இல்லை.